படிப்பதும் பொருள் கொள்வதும்

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கட்டடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்குக் கட்டடம் எழும்பிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கிணறு வெட்டி வேலி போட்டதோடு எந்த விவசாயியும் நின்றுவிடுவதில்லை. விதை முளைத்ததா, வேர் பிடித்ததா என்று நாள்தோறும் வயலுக்குச் சென்று பார்க்கிறார். பள்ளியிலும் அவ்வாறு பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை வாய்விட்டுப் படிக்கிறது. படித்ததன் பொருள் அதற்கு விளங்குகிறதா என்பதே அது.

இஃது ஆசிரியர்களை மட்டும் சார்ந்த விஷயமன்று. பூச்சிமருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை வீட்டிலுள்ள பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. "காத்திருப்புக் காலம் 7 நாட்கள்" என்று பிள்ளை தடையின்றிப் படித்துவிடலாம். மருந்து தெளித்தபின் 7 நாட்கள் கழியாமல் காய் பறிக்கலாகாது என்பது அதன் பொருள். வாங்கிய மருந்தை 7 நாட்கள் வைத்திருந்து தெளிக்கவேண்டும் என்று பிள்ளை கருதிவிட்டால், எழுத்துப் பிழையின்றிப் படித்தும் பயனில்லை. நஞ்சு கலந்த காய் சந்தைக்கும், நம் சமையலறைக்கும் வந்துவிடும்.

எழுத்தறிவும் பொருளறிவும்

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு அறிஞர்கள் 1986ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தனர். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று; சொல்லக் கேட்டுப் பொருள் உணரும் திறன் மற்றொன்று. படித்துப் பொருள் கொள்ளுதல் என்பது இவ்விரண்டையும் கூட்டி வருவதன்று. பெருக்கி வருவது என்றனர். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யமே. ஆகவே, ஒரு பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்ததைக் கண்டு மட்டும் நாம் மனநிறைவு அடைதல் கூடாது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையை அறிவற்றது என்று ஒதுக்குவதும் தவறு. கதையைச் சொல்லக் கேட்டால் அது நன்கு புரிந்துகொள்ளக்கூடும். எந்தத் திறன் குறைவு என்று அறிந்தபின்னரே அதற்குரிய பயிற்சியை அளிக்க இயலும்.

வீட்டு மொழியும் ஏட்டு மொழியும்

ஒரே மொழி பேச்சில் ஒருவிதமாகவும் எழுத்தில் வேறுவிதமாகவும் வழங்கும் நிலையை 1959ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன் என்னும் மொழியியல் அறிஞர் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அரபு மொழியும் கிரேக்க மொழியும் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் அடங்கும். நம் தமிழும் இத்தகையதே. வீட்டில் "போனாங்க" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, புத்தகத்தில் "சென்றனர்" என்று காண்கிறது. வீட்டில் "வெள்ளாமை" என்பது ஏட்டில் "வேளாண்மை" ஆகிறது. எல்லைப்புற ஊர்களில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும், மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கும் இந்த இடைவெளி இன்னும் அகன்றது.

தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்த வாயில் என்று ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையில் வலியுறுத்தியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்கிறது. எனவே, ஆசிரியர் முதலில் பேச்சுவழக்கில் பொருளை விளக்கிவிட்டுப் பின்னர் ஏட்டுச் சொல்லைப் பழக்கினால், அதை மொழிக்குக் குறைவு என்று யாரும் கருதவேண்டியதில்லை. தெரிந்த கரையிலிருந்துதான் தெரியாத கரைக்குப் பாலம் போட முடியும்.

முன்னறிவு என்னும் உரம்

அமெரிக்க நாட்டில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் ஓர் ஆராய்ச்சி செய்து 1988ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 64 மாணவர்களிடம் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தைப் பற்றிய பகுதி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் செய்தனர். படித்ததைச் சிறு மைதான மாதிரியில் பொம்மைகளை நகர்த்திக் காட்டவும், சொந்தச் சொற்களில் கூறவும் கேட்டனர். நன்கு படிக்கக்கூடியவர்களாயினும் ஆட்டத்தை அறியாத மாணவர்களைவிட, படிப்பில் பின்தங்கியவர்களாயினும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்களே சிறப்பாகப் பொருள் கூறினர்.

இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். "கடைமடைக்கு நீர் எட்டவில்லை" என்ற வரியை உழவர் வீட்டுப் பிள்ளை எளிதில் உணரும். நகரத்துப் பிள்ளை விழிக்கும். புகைவண்டி நிலையத்தைப் பற்றிய பாடத்தில் இதே நிலை தலைகீழாகும். நம் பிள்ளைகள் பின்தங்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று; பாடத்தில் வரும் பொருள்களைக் காணாமையே பல இடங்களில் காரணமாகிறது. காணச் செய்தல் நம் கையில் இருக்கிறது.

வினாவைப் பிள்ளை கொள்ளும் விதம்

ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளைக் காட்டி, இரண்டும் சமமா என்று கேட்டபின், ஒரு வரிசையை அகலப் பரப்பிவிட்டு மீண்டும் அதே வினாவைக் கேட்டால், சிறு குழந்தைகள் நீண்ட வரிசையில்தான் மிகுதி என்று கூறினர். எண்ணிக்கை மாறாது என்பதை அவர்கள் இன்னும் உணரவில்லை என்பது அவர் முடிவு.

ஸ்காட்லாந்தில் மெக்காரிகில், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் இச்சோதனையைச் சிறிது மாற்றினர். வரிசையைப் பெரியவர் கலைக்காமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்ததுபோலச் செய்தனர். அப்பொழுது மிகப் பல குழந்தைகள் சரியான விடை கூறினர். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மீண்டும் கேட்டால், "மாற்றம் நிகழ்ந்ததைத்தான் கேட்கிறார்" என்று குழந்தை பொருள் கொள்கிறது. நாம் கேட்ட வினா வேறு. குழந்தை கொண்ட வினா வேறு. ஆகவே, தவறான விடை வந்தவுடன் கடிந்துகொள்ளாமல், "நான் கேட்டதை நீ எப்படிப் புரிந்துகொண்டாய்?" என்று வினவுதல் நல்லது.

மூன்று விநாடிப் பொறுமை

மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல வகுப்பறைகளில் நடந்த உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருந்து, அடுத்த பிள்ளையிடம் சென்றுவிடுவதை அவர் கண்டார். அதனை மூன்று விநாடிக்கு மேலாக நீட்டியபொழுது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய்திறவாத பிள்ளைகளும் பேசினர். பிள்ளைகளே வினாக்கள் எழுப்பினர். இம்முறைக்குக் காசு ஒன்றும் செலவில்லை. வீட்டில் நாமும் இதனைக் கைக்கொள்ளலாம்.

நான்கு பயிற்சிகள்

எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாத மாணவர்களுக்காக ஆன்மேரி பாலின்ஸ்கர், ஆன் பிரவுன் ஆகிய இருவரும் ஒரு முறையை வகுத்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறு குழுவாக அமர்ந்து ஒரு பத்தியைப் படித்தபின் செய்யவேண்டியவை நான்கு: படித்ததைச் சுருக்கிச் சொல்லுதல், அதிலிருந்து ஒரு வினா எழுப்புதல், விளங்காத சொல்லைத் தெளிவாக்குதல், அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பின்னர் மாணவர்கள் முறைவைத்து ஆசிரியராக அமர்வர். ஏறத்தாழ 20 நாள் பயிற்சியிலேயே அம்மாணவர்கள் நன்கு முன்னேறினர்.

நாம் செய்யத்தக்கவை

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் அதில் இடமுண்டு. ஆகவே கீழ்க்கண்டவற்றை நாம் செய்ய இயலும்.

1. ஊராட்சி நூலகத்தில் வாரம் ஒரு மாலை, பெரியவர் ஒருவர் கதை படிக்கப் பிள்ளைகள் கேட்கும் ஏற்பாட்டைச் செய்யலாம்.

2. பால் கூட்டுறவுச் சங்கம், நெல் கொள்முதல் நிலையம், அஞ்சலகம், ஏரி மதகு ஆகியவற்றுக்குப் பிள்ளைகளை ஆசிரியருடன் அனுப்பி, அங்குள்ள வேலைகளையும் சொற்களையும் அறியச் செய்யலாம்.

3. பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் "என்ன மார்க்கு?" என்று மட்டும் கேளாமல், "இன்று படித்ததை எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனைச் செய்ய முடியும். பொருள் விளங்கிற்றா என்பதை அவரே உணர்ந்துவிடுவார்.

4. வேற்றுமொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பின், அம்மொழி அறிந்த ஊரார் ஒருவர் முதல் வகுப்பு ஆசிரியருக்குத் துணை புரியுமாறு குழு கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தவிர்த்தல் வேண்டும். பள்ளியைப் பார்வையிடச் செல்லும் உறுப்பினர்கள், பலர் முன்னிலையில் பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்லி, தடுமாறினால் ஆசிரியரைக் குறை கூறுதல் தகாது. அச்சத்தில் எந்தப் பிள்ளைக்கும் பொருள் விளங்காது. ஆசிரியரிடம் அமர்ந்து, "நாங்கள் என்ன துணை செய்யவேண்டும்?" என்று கேட்பதே பயன் தரும்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றிலேனும் குடிநீர், சாலை இவற்றோடு, "நம் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதைப் புரிந்துகொள்கின்றனரா?" என்பதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசவேண்டுமென்று ஊராட்சித் தலைவர்களையும் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.