தெருமுனைக்கு ஒரு மனு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்து குடிப்பது, பாட்டிலை ரோட்டிலேயே உடைத்துப் போடுவது, கெட்ட வார்த்தையில் கத்துவது, அந்தக் குறுகல் தெருவில் பைக்கை முறுக்கி வீலிங் காட்டுவது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னாய் பார், டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள் இப்போது பின்தெரு வழியாகச் சுற்றி வருகிறார்கள் என்று. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. திருட்டுப் போனால் நஷ்டம் ஒரு வீட்டோடு நிற்கும். இது ஒரு தெருவையே ஒதுங்கி நடக்க வைக்கிறது. ஆனால் திருட்டுக்கு ஓடி வருகிற ஸ்டேஷன், இதற்கு "பாத்துக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடும்.

உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மாமாக்கள் சொல்கிற வைத்தியம் எனக்குப் புதிதில்லை. "ஸ்டேஷன்ல சொல்லி நாலு தட்டு தட்டச் சொன்னா சரியாகிடும்." கையில் மாவுக்கட்டோடு நிற்கிற பையனின் படத்தைப் பேப்பரில் பார்த்து, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்" என்று சிரிக்கிற ஊர் நம்முடையது. காக்கி உடுப்பில் இருந்தவள் சொல்கிறேன், அடி வாங்கியவன் தொட்டியை விட்டுப் போனால் அடுத்த தெரு பெட்டிக்கடைக்குப் போவான், அவ்வளவுதான். அந்த வழி வேண்டாம்.

முதலில் ஸ்டேஷனுக்கு வருகிற மனு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "எங்கள் பகுதியில் சமூக விரோதிகள் நடமாட்டம் அதிகமாக உள்ளது. தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே நாற்பது கையெழுத்து. ரைட்டர் அதை மேலிருந்து கீழாகப் பார்ப்பார். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார்கள்? ஒன்றும் இருக்காது. ஒரு மரியாதைக்கு ரோந்து வண்டியை அனுப்புவார்கள். வண்டி ஏழரை மணிக்கு வரும். டாஸ்மாக் மூடுவது பத்து மணிக்கு. உங்கள் தொட்டியடிக் கூட்டம் சேர்வது அதற்குப் பிறகு. "ஸ்தலத்தில் யாரும் இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். மனுவும் முடிந்தது.

இதையே இப்படி எழுதிப் பார்: "கடந்த மூன்று வாரமாக வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு 10.15 முதல் 11.45 வரை, தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே, விளக்கு எரியாத மின்கம்பத்தின் அடியில் நான்கைந்து பேர் மது அருந்துகிறார்கள். சென்ற சனிக்கிழமை இரவு 10.40-க்கு ஒருவர் பாட்டிலை சாலையில் வீசி உடைத்தார். 10.45-க்கு 100-க்கு போன் செய்தோம். வண்டி 11.30-க்கு வந்தது. அதற்குள் கலைந்துவிட்டார்கள். வீலிங் செய்த பைக்கின் எண் இது." இந்த மனுவை வாங்குகிற எஸ்.ஐ.க்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு இரண்டு பேர் அங்கே நடந்து போனால் போதும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு நோட்டு போடு. நடந்ததை நடந்த அன்றே எழுது: தேதி, மணி, இடம், செய்த காரியம், கூப்பிட்ட நேரம், வந்த நேரம். ஆள் யார், எந்தத் தெரு, எப்படிப்பட்ட குடும்பம் என்கிற ஆராய்ச்சி அதில் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தெருத் தொல்லையில் ஒவ்வொரு நாளும் நடப்பது சில்லறைச் சமாச்சாரம்தான். நாற்பது நாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். இதை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. லெஸ்டர்ஷயரில் பார்வெல் என்று ஒரு சிற்றூர். அங்கே ஃபியோனா பில்கிங்டன் என்கிற தாய், மாற்றுத்திறனாளி மகளோடு வாழ்ந்தார். தெருப் பையன்கள் வருஷக்கணக்கில் வீட்டின் மேல் கல் எறிவதும், வாசலில் நின்று கேலி செய்வதுமாக இருந்தார்கள். அவர் முப்பது தடவைக்கு மேல் போலீசைக் கூப்பிட்டார். ஒவ்வொரு அழைப்பும் தனித்தனிச் சில்லறைப் புகாராகவே பதிவானது. இவை எல்லாம் ஒரே வீட்டுக்கு ஒரே கூட்டம் கொடுக்கிற தொல்லை என்று யாரும் கோத்துப் பார்க்கவில்லை. 2007 அக்டோபரில் அவர் மகளோடு உயிரை மாய்த்துக்கொண்டார். போலீசும் உள்ளாட்சியும் செயல்படாமல் இருந்ததற்கு அந்தச் சாவில் பங்குண்டு என்று 2009-இல் விசாரணை ஜூரி சொன்னது. பிறகு 2014-இல் வந்த சட்டம், திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தும் பலனில்லை என்றால் எல்லாத் துறைகளும் சேர்ந்து மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கேட்கிற உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் மூன்று புகார் என்பது அங்கே வழக்கமான அளவு. நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அதனால் கோத்துக் காட்டுகிற வேலையை உன் நோட்டுதான் செய்யவேண்டும்.

மனு கொடுத்ததும், அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கு. காசு கிடையாது. "ரசீதெல்லாம் எதுக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில். அந்த எண் இருந்தால்தான் அடுத்த மனுவில் "முன்பு கொடுத்த மனு எண் இது" என்று எழுத முடியும். அதற்கும் பலனில்லை என்றால் உதவி ஆணையர், துணை ஆணையர் என்று மேலே போகலாம். அங்கேயும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 355-ஆவது பிரிவு. 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. பழைய இ.பி.கோ.வில் இதே குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய். 1860-இல் எழுதியதை 2024 ஜூன் வரை அப்படியே வைத்திருந்தோம்! ஸ்டேஷனில் இதற்கெல்லாம் அதிகம் கைகொடுப்பது 1888-ஆம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. 'பெட்டி கேஸ்' என்பார்களே, அந்த வகை. வீலிங் கொஞ்சம் வேறு கதை. ஓட்டியவனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோ மாட்டுவார்கள்: மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருஷத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. பைக் எண்ணைக் குறிக்கச் சொன்னது அதனால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நோட்டையெல்லாம் தூக்கி வைத்துவிடு. யாராவது ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தாலோ, வழிமறித்தாலோ, கை வைத்தாலோ உடனே 112-க்குப் போன். 1998-இல் சென்னையில் சரிகா ஷா என்கிற கல்லூரி மாணவி, சீண்டல் செய்த கூட்டத்தால் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சீண்டல் தொல்லைக் கணக்கில் சேராது, குற்றம். உடனே எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும்.

இனி, ஆளை ஆராயாதே என்றதற்குக் காரணம். உங்கள் குழுவில் ஒரு மாமா தொட்டியடிப் பையன்களின் முகத்தை ஜூம் செய்து படம் போட்டு, "எல்லாம் அந்த ஹவுசிங் போர்டு பசங்கதான்" என்று எழுதியிருக்கிறார் என்றாய். அந்தப் படத்தை எடுக்கச் சொல். அவர்களில் பதினேழு வயசுக்காரன் ஒருவன் மேல் நாளைக்கு வழக்கு வந்தால், அவன் அடையாளத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டத்தின்படி குற்றம். அதைவிட முக்கியம், நீங்கள் எந்த ஆளைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால், ஸ்டேஷன் அந்தக் குடியிருப்புக்குப் போய்க் கையில் கிடைத்த நாலு பேரைத் தூக்கிக்கொண்டு வரும். தொட்டியடியில் குடித்தவன் அந்த நாலு பேரில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

செயலை விட்டுவிட்டு ஆட்களைக் குறிவைத்தால் எது வரைக்கும் போகும் என்பதற்கு நம் மதுரைச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. வெள்ளைக்காரன் 1911-இல் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று பதிவு செய்தது. ஆண்கள் ராத்திரி ஸ்டேஷனில் கைரேகை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஹவுசிங் போர்டு என்று முகவரியை வைத்து எழுதுகிற மாமாவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. சொல்லிப் பார்.

'இளைஞர் குழு' அமைத்து ராத்திரி தடியோடு சுற்றலாம் என்கிற யோசனையும் இதே வகைதான். மக்களும் போலீசும் கைகோக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் 1993-இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பல ஊர்களில் திருவிழாக் கூட்டத்துக்கும் போக்குவரத்துக்கும் உபயோகமாகவும் இருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்த ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் செத்தபோது இந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது. ஜூலையில் அரசு தடை செய்துவிட்டது. என் அபிப்பிராயம் கேட்டால், பயிற்சியும் பொறுப்பும் இல்லாதவன் கையில் லத்தி வந்தால் அவன் நல்லவனா கெட்டவனா என்பது இரண்டாம் பட்சம். உங்கள் இளைஞர்கள் ராத்திரி நடக்கட்டும், தாராளமாக. சும்மா சாப்பிட்டுவிட்டு நடக்கிற நடை. பத்துப் பேர் பேசிக்கொண்டு நடக்கிற தெருவில் பாட்டிலைத் திறக்கக் கூச்சம் வரும்.

எல்லாவற்றையும் போலீஸ் தலையில் கட்டாதே. அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள்? விளக்கு எரியவில்லை. தொட்டியைச் சுற்றி வேலி இல்லை. இரண்டும் மாநகராட்சி வேலை. பொதுத் தொல்லை என்றால் அதை நீக்கச் சொல்லி உத்தரவு போட, நிர்வாக நடுவருக்கு (உங்களுக்கு ஆர்.டி.ஓ.) குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு அதிகாரம் கொடுத்தது, இப்போது புதுச் சட்டத்தில் அது 152. மத்தியப் பிரதேசத்து ரத்லாமில் சாக்கடையும் நாற்றமும் தாங்காத தெருக்காரர்கள் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு தொடுத்த வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. "எங்களிடம் பணமில்லை" என்றது நகராட்சி. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. விளக்குப் போட அவ்வளவு தூரம் போகவேண்டி இருக்காது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கவுன்சிலரிடம் ஒரு மனு, மண்டல அலுவலகத்தில் ஒரு மனு. உன் நோட்டில் "எரியாத கம்பத்தின் அடியில்" என்று எத்தனை தடவை வருகிறதோ, அத்தனை பலம்.

பீட் போலீஸ் என்று ஒருவர் உங்கள் தெருவுக்கும் இருப்பார். காகிதத்திலாவது. பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, சம்மன் என்று அவரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அதுதான் நிஜம். முன்பெல்லாம் சில வீட்டு கேட்டிலும் பேங்க் வாசலிலும் பட்டா புத்தகம் தொங்கும். ராத்திரி ரவுண்ட்ஸ் வருகிறவர் மணி போட்டுக் கையெழுத்துப் போடுவார். இப்போது பல ஊரில் க்யூஆர் கோடு ஒட்டி, போனில் ஸ்கேன் செய்கிறார்கள். வந்தாரா என்பதை அது காட்டும், நாலு பேரிடம் பேசினாரா என்பதைக் காட்டாது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் 1972-73-இல் ரோந்துக் காரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். குற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை, ஜனங்களுக்கும் தெரியவில்லை. பிறகு நியூவார்க்கில் போலீசை நடக்க விட்டுப் பார்த்தபோது குற்றம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் தெருவில் இருப்பவர்களுக்குப் பயம் குறைந்தது, போலீஸ் மேல் மதிப்பும் கூடியது. பின்தெரு வழியாகச் சுற்றி வருகிற உங்கள் பிள்ளைகளுக்குத் தேவை அந்தப் பயம் குறைவதுதான்.

அதனால் ஸ்டேஷனுக்குப் போகும்போது மனுவோடு ஒரு கேள்வியும் எடுத்துக்கொண்டு போ: எங்கள் பீட் காவலர் யார், அவர் நம்பர் என்ன? தனியாகப் போகாதே, உன் அம்மாவையும் அந்த ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு காலை பதினோரு மணிக்குப் போ, சாயங்காலம் எஸ்.ஐ. ஸ்டேஷனில் இருப்பது அபூர்வம். பாராவில் நிற்கிறவரிடம் "மனு கொடுக்க வந்தோம்" என்று மட்டும் சொல், கதையை உள்ளே சொல்லிக்கொள்ளலாம். மனுவை இரண்டு பிரதி எடு, ஒன்றில் சீல் வாங்கு. அதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் வெட்டிவிடுவேன்.

அன்புடன்,
பெரியம்மா