கிளினிக் கொப்பியை மூடி வைக்காதீர்கள்

கொழும்பில் இருக்கிற பிள்ளை ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது இப்போது ஒரு கௌரவமாகிவிட்டது. நல்ல மனதோடுதான் எடுக்கிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் எடுத்தார். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. "பொலிசி இருக்கிறதே, இனி எதற்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரி வரிசை?" என்று அப்பாவின் கிளினிக்கை நிறுத்தினாரே, அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

களுகங்கைத் திட்டத்தில் தண்ணீரில் போன பழைய பல்லேகம டவுனுக்குப் பதிலாக, லக்கல புதிய நகரம் 2019இல் திறக்கப்பட்டது. அங்கேதான் எங்கள் பலசரக்குக் கடை. அப்பா ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. தோட்டத்தில் உழைத்தவருக்குக் கையில் வந்தது சேமலாப நிதி போன்ற பணம்தான். ஆகவே உங்களுக்கும் எங்களுக்கும் இருக்கிற வழி இரண்டே இரண்டு: அரசாங்க ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் காசு கட்டி எடுக்கிற பொலிசி.

அப்பாவுக்கு நெடுநாளாகப் பிரஷர், சீனி இரண்டும் உண்டு. மாதா மாதம் கிளினிக். கலண்டர் தாளில் உறை போட்ட கொப்பி, அதைச் சுற்றி ஒரு ஷொப்பிங் பை, அதற்கு மேல் ஒரு ரப்பர் பேண்ட். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி முத்திரை, பிரஷர் அளவு, கீழே மெட்ஃபோமின், லோசாட்டன், அட்டோவஸ்டட்டின். அடுத்த மாதம் வரைக்கும் மாத்திரையைக் கடதாசி உறையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். 1971இல் வெளிநோயாளர்களிடம் 25 சதம் அறவிடத் தொடங்கி 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த 25 சதத்தை அப்பா இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் அவரிடம் யாரும் காசு கேட்டதில்லை.

பொலிசி எடுத்த அன்று நான் வீட்டில் இருந்தேன். ஏஜன்ட் தேநீர் குடித்துக்கொண்டே ஆங்கிலப் படிவத்தை நிரப்பினார். பிரஷர் உண்டா, சீனி உண்டா, மருந்து எடுக்கிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். அப்பாவிடம் ஒன்றையும் வாசித்துக் காட்டவில்லை. எல்லாப் பெட்டியிலும் ஒரே நீலப் பேனையால் "இல்லை" என்று அடையாளம் போட்டார். "கொப்பியைக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதினால் கட்டுப்பணம் கூடும் தம்பி, ரெண்டு வருஷம் போனால் யாரும் கிண்டமாட்டாங்க" என்றார். அண்ணன் தலையாட்டினார். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மேலே இருந்தது முழுக்கப் பொய்.

வயது போனவருக்கு என்ன தேவை என்று யோசித்துப் பாருங்கள். மாதா மாதம் மாத்திரை, இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. எங்களுக்கு விற்ற பொலிசி வார்டில் படுத்தால்தான் காசு தரும், மாத மருந்துக்குத் தராது. பெரும்பாலான பொலிசிகள் அப்படித்தான். அதோடு, காசு கட்டிப் படுக்கிற ஆஸ்பத்திரி மாத்தளையிலும் கண்டியிலும்தான். ரிவர்ஸ்டன் வளைவுகளில் பனி இறங்கினால் வேன்காரர்களே தயங்குவார்கள். கிளினிக்கை விட்ட பிறகு மாத்தளைக்குப் போய் சேனல் பண்ணினோம். டாக்டர் காசு, பாமசிக் காசு, வேன் கூலி. அப்பா செலவைப் பார்த்துப் பார்த்து மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடத் தொடங்கினார். எங்களிடம் சொல்லவில்லை. வருத்தம் முற்றியது அங்கேதான்.

நெஞ்சு பிடித்த இரவு 1990க்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. லக்கல ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜீ. எடுத்து, மருந்து கொடுத்து, மாத்தளைக்கு அனுப்பினார்கள். அண்ணன் கொழும்பிலிருந்து போனிலேயே கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னார். முற்பணம் கட்டினோம், அண்ணியின் நகை அடகுக்குப் போனது. பிறகு கம்பனியிலிருந்து கடிதம்: டயக்னோசிஸ் கார்டில் நீண்டகாலப் பிரஷர், சீனி என்று இருக்கிறது, படிவத்தில் மறைத்திருக்கிறீர்கள், கொடுப்பனவு இல்லை. காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறைப்பாடு செய்யலாம் என்று பிறகு அறிந்தோம். ஆனால் கையெழுத்து அப்பாவுடையது, எதைச் சொல்லி வாதாடுவது? கடைசியில் ஸ்டென்ட் வைத்தது கண்டி தேசிய வைத்தியசாலையில். அதற்கு ஒரு சதமும் கட்டவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துண்டை எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். ஸ்கேனுக்கும் எக்கோவுக்கும் திகதி தள்ளிப் போகும். அதற்குத்தான் காசு வேண்டும். கட்டுப்பணமாகப் போன தொகையை இப்போது அப்பா பேரில் வங்கியில் போடுகிறேன். எக்கோ அவசரமென்றால் வெளியே எடுத்து, முடிவைக் கொப்பியோடு சேர்த்து, மறுபடி தொடங்கிய கிளினிக்கில் காட்டுகிறோம். அதே டாக்டர்தான் பார்க்கிறார், கணக்கு விட்டுப் போவதில்லை. பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வருமானம் பார்த்துத்தான் தருவார்கள், ஆகவே கிராம சேவகரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பொலிசியே வேண்டாமா? நாற்பது வயதில், உடம்பில் ஒன்றும் இல்லாதபோது எடுத்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அண்ணன் தன் பேரில் எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அறுபதைத் தாண்டி, கிளினிக் கொப்பி கையில் இருக்கிறவருக்கு எடுத்தால், இருக்கிற வருத்தத்தைக் கழித்துவிட்டு இல்லாத வருத்தத்துக்குத்தான் காப்பு விற்பார்கள். நம் அப்பா அம்மாவைச் சாய்ப்பது இருக்கிற வருத்தம்தானே.

அந்த ஏஜன்ட் இன்னும் நம் பக்கம் வருகிறார். உங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுங்கள், கிளினிக் கொப்பியையும் மேசையில் வையுங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். பிரஷருக்கும் சீனிக்கும் நேரே "ஆம்" என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அவற்றால் வருகிற நெஞ்சு வலிக்கும் பக்கவாதத்துக்கும் கம்பனி காசு தருமா, எத்தனை மாதம் கழித்துத் தரும் என்று கம்பனிக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடதாசி வரும் வரைக்கும் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.