என்ஜின் தட்டலோசை: காரணம் காணும் முறை

நாடி பார்த்து நோயறிவது மருத்துவக் கலை. ஓசை கேட்டு இயந்திரத்தின் குறையறிவதும் அதற்கு நிகரான ஒரு கலையே. வகுப்பறையில் நாம் கற்கும் வெப்ப இயற்பியல், பட்டறை வாசலில் எவ்வளவு தூரம் துணைநிற்கும் என்பதை எங்கள் ஊரான நாமகிரிப்பேட்டையில் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

மஞ்சள் வியாபாரம் செய்யும் என் மாமாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் உண்டு. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின். ஒருமுறை சூடேறிக் கேஸ்கட் போனபோது சிலிண்டர் ஹெட்டைச் சீவிப் பொருத்தினார்கள். அதனால் அழுத்த விகிதம் உயர்ந்துவிட்டது. பிறகு எரிவாயு கிட் பொருத்தி, பெட்ரோல், வாயு இரண்டிலும் ஓடுமாறு செய்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பழுதானபோது வேறொரு வண்டியின் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கி மாட்டினார்கள். அதன் பின்னர், ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்துச் செல்லும்போதெல்லாம் ‘கிணுகிணு’ என்று ஒரு தட்டலோசை எழத் தொடங்கிற்று.

“ராடு பேரிங் போயிருக்கும், என்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்” என்று ஒரு பட்டறையில் கூறினார்கள். தேய்ந்த ராடு பேரிங்கும் இலேசான மிதிப்பில்தான் தெளிவாகக் கேட்கும் என்பதால் அக்கருத்தைத் தவறென ஒதுக்கிவிட முடியாது. ஆனால் என்ஜினை இறக்குவதென்றால், மாமா தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்த பணம் முழுவதும் கரைந்துவிடும். அவ்வேளையில் அவர் சொன்ன ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது: “கொல்லிமலை ஏறுறப்போ வாயே தொறக்கல மாப்பிளே. ராசிபுரம் ரோட்டுல சும்மா போனாத்தான் தட்டுது.”

எழுபது கொண்டை ஊசி வளைவுகளை முழு மிதிப்பில் ஏறும்போது அமைதி, சமதரையில் ஓசை! இம்முரண்பாட்டின் காரணத்தை அறிய, என்ஜினுள் நிகழ்வதை முதலில் காண்போம்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நொடிப்பொழுதில் எரிந்து தீர்வதில்லை. பிளக்கில் தோன்றும் பொறியிலிருந்து சுடர் பரவிச் செல்லச் சிறிது காலம் பிடிக்கும். எனவே, பிஸ்டன் மேல் முனையை அடைவதற்கு முன்னரே பொறி தோன்ற வேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் ஓடும் என்ஜினில் 30 பாகை முன்னதாகப் பொறி விழுந்தால், பிஸ்டன் மேல் முனையை எட்டச் சுமார் 1.7 மில்லி வினாடியே இருக்கும். பொறி அளவுக்கு மீறி முந்திவிட்டால், சுடர் வந்து சேருமுன்பே கடைசி மூலையில் உள்ள கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்தெரிகிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவர்களில் மோதி, வினாடிக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அதிர்வுகளை உண்டாக்குகின்றன. இதையே ‘நாக்கிங்’ என்கிறோம். இது நீடித்தால் பிஸ்டன் தலை உருகும், வளையங்களும் உடையக்கூடும்.

இதைத் தடுக்கவே முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் சேர்த்தனர். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்ட வழி அது. ஈயம் உடலுக்கு நஞ்சு என்பதால் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் அது முற்றிலும் நிறுத்தப்பட்டது. இப்போது கலக்கப்படும் எத்தனாலுக்கும் நாக்கிங்கைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஆயினும் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கலவை நீர்த்துப் போகும். இதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி முரண்பாட்டிற்கு வருவோம். டிஸ்ட்ரிபியூட்டரில் பொறியை முந்தச் செய்யும் அமைப்புகள் இரண்டு. சுழலும் எடைகள் வேகத்திற்கேற்ப முந்தச் செய்கின்றன. வேக்குவம் டப்பா சுமைக்கேற்ப முந்தச் செய்கிறது. இலேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் செல்லும் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். அதே வேளையில் மேனிபோல்டில் உறிஞ்சும் விசை மிகுதி. அவ்விசை டப்பாவிலுள்ள சவ்வை இழுத்துப் பொறியை மேலும் முந்தச் செய்கிறது. முழுமையாக மிதித்தால் அவ்விசை மறைந்து, பொறி பின்வாங்கிவிடும். ஆகவே, இலேசான மிதிப்பில் மட்டும் எழும் நாக்கிங், வேக்குவம் டப்பாவின் மேல்தான் முதல் ஐயத்தை எழுப்புகிறது.

ஐயம் முடிவாகிவிடாது, சோதனை வேண்டும். ஆகவே பின்வரும் நான்கு சோதனைகளை வரிசையாகச் செய்து பார்த்தோம்.

1. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் கேட்டோம். தட்டல் இல்லை. தேய்ந்த பேரிங்காயின் வேகம் தணியும்போதாவது ஓசை கேட்டிருக்க வேண்டும்.

2. ஓசை எழும் அதே சாலையில், அதே வேகத்தில், பெட்ரோலிலிருந்து வாயுவுக்கு மாற்றினோம். ஓசை நின்றது. எரிவாயுவுக்கு நாக்கிங்கை எதிர்க்கும் ஆற்றல் பெட்ரோலைவிட அதிகம். தேய்ந்த பேரிங்குக்கோ பெட்ரோலும் வாயுவும் ஒன்றே! ஆகவே குறை எரிதலில் உள்ளது என்பது உறுதியாயிற்று.

3. மீண்டும் பெட்ரோலில் ஓட்டி, சோக்கைச் சிறிது இழுத்துக் கலவையைக் கெட்டியாக்கினோம். பெரிய மாற்றம் இல்லை. கலவை நீர்த்ததே முதற்காரணம் என்ற எண்ணம் விலகியது.

4. வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து ஓட்டினோம். ஓசை அறவே இல்லை.

மாமா பழைய டிஸ்ட்ரிபியூட்டரைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதன் டப்பாவில் சவ்வு கிழிந்திருந்தது. தகடு எவ்வளவு தூரம் நகர இடமுண்டு என்று கையால் நகர்த்திப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டோம். பின்னர் மாட்டியதில் தகடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிகம் நகர்ந்தது. வேறொரு என்ஜினுக்கென அளவிடப்பட்ட முந்தல், ஹெட் சீவப்பட்ட இந்த என்ஜினுக்கு மிகையாகிவிட்டது.

குழாயை நிரந்தரமாக அடைத்துவிட்டால் ஓசை நிற்கும். ஆனால் சமதரையில் எரிபொருள் வீணாகும். டைமிங்கை மொத்தமாகப் பின்தள்ளினாலும் ஓசை நிற்கும். மேட்டில் இழுவை குறையும். இவ்விரண்டும் குறையை மறைக்கும் வழிகளே. ஆகவே பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரிய புதிய டப்பாவை வாங்கிப் பொருத்தி, அதையே திரும்ப மாட்டினோம். குழாயைக் கழற்றிய நிலையில் டைமிங்கைக் குறியில் வைத்து, பிறகு குழாயை இணைத்தோம். பெட்ரோலிலும் ஓசை எழவில்லை. கட்டணப் பணம் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தது.

இக்காலக் கார்களில் நாக்கிங்கை உணரும் கருவி என்ஜினிலேயே பொருத்தப்பட்டுள்ளது. கணிப்பொறி தானே டைமிங்கைத் திருத்திக் கொள்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கோ ஓட்டுபவரின் செவியே கருவி. நாகசுர மேதை கிருஷ்ணன் அவர்களின் பெயரோடு இணைந்து புகழ்பெற்ற எங்கள் ஊரில், கூர்ந்து கேட்கும் செவிகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டதைச் சோதித்தறியும் முறையைத்தான் கல்வி தர வேண்டும்.

‘ஓசை எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்குமுன், ‘எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது?’ என்று கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனைகளை முடித்த பின்னரே ஸ்பானரைக் கையிலெடுக்க வேண்டும். நோய், அதன் காரணம், தணிக்கும் வழி என மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை, மனித உடலுக்கு மட்டுமன்றி இரும்பு உடலுக்கும் பொருந்துவதாகும்.