தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்கள்

கோவைக்காய்க் கொடி வளர்க்கத் தனித் திறமை எதுவும் வேண்டாம். யாரும் தண்ணீர் ஊற்றாமலே வேலியில் ஏறிக் காய்க்கிற சாதி அது. ஹவாய்த் தீவில் காடாக மண்டிப்போய், அதை அடக்குவதற்கென்றே 1996-ல் கென்யாவைச் சேர்ந்த ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்படிப்பட்ட கொடி திருப்பூரில் என் வீட்டு மாடியில் ஆடியிலிருந்து தை வரைக்கும் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. தப்பு கொடி மேலும் இல்லை, என் மேலும் இல்லை. விற்றவர் மேல்தான்.

எங்கள் மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட். உள்ளே இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக் மெஷின். ஜாப் ஒர்க் ஓடுகிறது. உங்கள் வீட்டிலும் இதே ஷெட்தான் இருக்கும், சித்திரை வெயிலில் அதற்குள் உட்கார்ந்து தைப்பது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷீட்டுக்கு நிழல் ஆச்சு, வீட்டுக்காரர் சர்க்கரைக்குக் காய் ஆச்சு என்று நினைத்துத்தான் நர்சரியில் கேட்டேன். "நாட்டு ரகம்ங்கம்மா, வெச்சா போதும், காய்ச்சுக் கொட்டும்" என்று பையில் வளர்ந்த நாற்றை எடுத்துக் கொடுத்தார்.

புரட்டாசிக்குள் பாதி ஷீட்டை மூடிவிட்டது. வெள்ளை வெள்ளையாகப் பூ. அத்தனையும் உதிர்ந்தது.

அதன் பிறகு ஆளாளுக்கு வைத்தியம். பக்கத்து காம்பவுண்ட் அக்கா பஞ்சகவ்யா அடிக்கச் சொன்னார். கம்பெனி கட்டிங் மாஸ்டர் தேமோர் கரைசல் என்றார். மாமியார் திருஷ்டி என்று படிகாரம் கட்டினார். எல்லாம் செய்தேன். நர்சரிக்காரரிடம் போய் நின்றால், "தண்ணி ஜாஸ்தி ஊத்தீட்டீங்களாட்டம் இருக்குதுங்க" என்று பழியை என் மேலேயே திருப்பினார். பொங்கலுக்குக் காங்கேயத்திலிருந்து வந்த சித்தப்பாதான் ஒரு பூவைக் கிள்ளிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது ஆண் கொடியல்லோ" என்றார்.

கோவைக்கொடியில் ஆண் தனி, பெண் தனி. இரண்டிலும் பூ ஒரே வெள்ளைதான். பெண் பூவென்றால் இதழுக்கு அடியில் குட்டிக் கோவைக்காய் மாதிரியே ஒரு பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. பூக்கும் முன்னால் இலையையோ தண்டையோ பார்த்து இது இன்னதென்று சொல்ல முடியாது. அவர் எனக்குக் கொடுத்தது விதையில் முளைத்த நாற்றாகத்தான் இருக்கும். விதையில் வந்தால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும், மீதியிலும் சில கசந்து தொலைக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் காய்க்கிற கொடியிலிருந்து குச்சி வெட்டி நடுகிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சுலபா ரகத்தைப் பெருக்குவதும் குச்சியில்தான். பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. பூவே இல்லாத நாற்றில் எதைப் பார்ப்பது? விற்கிறவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

ஆண் கொடியைப் பிடுங்கி எறி என்றார்கள். எறியவில்லை. ஷீட்டுக்கு நிழல் வேண்டுமே. மகரந்தத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு ஓரமாக வெட்டி ஒதுக்கிவிட்டேன்.

காய்க்கிற கொடியிலிருந்து வெட்டிய குச்சியை நட்டேன், இப்போது காய்க்கிறது. மற்றதெல்லாம் சுலபம். பென்சில் கனத்தில் நாலு கணு உள்ள குச்சி, இரண்டு கணு மண்ணுக்குள். செம்மண்ணும் தொழு எருவும், மேலே கம்பிப் பந்தல். காய்ப்பு ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி எரு வைத்தால் மறுபடி துளிர்க்கும். கட்டுவதற்குச் சணல் தேடாதீர்கள், நம் ஊரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்? காட்டன் துணியை நீளமாகக் கிழித்துக் கட்டினால் தண்டு தடிக்கத் தடிக்க இழுத்துக் கொடுக்கும், அறுக்காது. பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், மட்கவே மட்காது. பழ ஈ குத்தின காயை அடியிலேயே போடாமல் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று யூடியூபில் சொல்கிறவர்கள் திருப்பூர் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரே உப்பு. மெஷின் கழித்துவிடுவது அதைவிட உப்பு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விடுவது நிற்கவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்பே நிலத்துக்குள் இறங்கிய உப்பு, உத்தரவைப் பார்த்துவிட்டு ஏறி வந்துவிடுமா? மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் குழாயில் வரும் நல்ல தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்து இலை ஓரம் கருகினால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அடியில் ஓட்டை வழியாக ஓடி வடிகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

சர்க்கரைக்குக் கேட்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தில், புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 60 பேரை வைத்து 90 நாள் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். தினம் 1 கிராம் கோவைச் சத்து எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை, அதை எடுக்காதவர்களோடு ஒப்பிட, 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அது அளந்து கொடுத்த சத்து, நாம் செய்கிற பொரியல் இல்லை. என் வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் கோவைக்காய் சாப்பிடுகிறார், மாத்திரையும் போடுகிறார். எங்கள் உறவில் ஒருவர் கோவைக்காயை நம்பி மாத்திரையை விட்டதாகப் பெருமை பேசினார். இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

குச்சி வேண்டுமென்றால் ஆடியில் வாருங்கள், காய் தொங்குகிற கொடியைக் காட்டி வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம். நர்சரியில்தான் வாங்குவேன் என்றால், பூத்துப் பிஞ்சு தெரிகிற வரைக்கும் பணத்தை எடுக்காதீர்கள்.