மீட்டரில் 125, கேமராவில் 100

திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் அஷ்டாங்க விமானம், மாசித் தெப்பத்தன்று குளக்கரை நெடுக எரியும் விளக்குகள். இரண்டையும் நான் ஃபிலிமில்தான் எடுக்கிறேன். என் கேமராவின் காம்பூர் ஷட்டர் மிகப் பழையது. லைட் மீட்டர் அதற்குப் பின்னால் வந்தது. இரண்டின் எண்களும் ஒத்துப்போகாது. இப்படியொரு ஜோடி வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

பக்கத்து எண் போதும். ஷட்டர் வேகத்தின் பழைய வரிசை 1, 2, 5, 10, 25, 50, 100; 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு. 1950-களில் பரவிய புதிய வரிசை 1, 2, 4, 8, 15, 30, 60, 125. மீட்டர் 125 சொன்னால் 100-இல் வையுங்கள். மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடும். நெகட்டிவ் அதைத் தாங்கும். ஸ்லைடு என்றால் அப்பர்ச்சரைச் சற்றே குறையுங்கள்.

10-க்கும் 25-க்கும் நடுவே கவனம். புதிய வரிசையில் ஒரு படி என்பது ஒரு ஸ்டாப். பழையதில் 25-இலிருந்து 10-க்கு இறங்கினால் வெளிச்சம் இரண்டரை மடங்கு. மீட்டர் 15 காட்டினால் 10-இல் வைத்து, அப்பர்ச்சரை அரை ஸ்டாப் குறைப்பேன்.

வெயிலில் சோதியுங்கள். செலினியம் மீட்டருக்கு பேட்டரி வேண்டாம். ஆனால் வயதானால் செல் சோர்ந்துவிடும். ஐஎஸ்ஓ 100 வைத்து, நல்ல வெயில் விழும் இடத்தை அளந்தால் எஃப்/16-க்கு நேரே 100 அல்லது 125 வர வேண்டும். 30, 15 என்று இறங்கினால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

எந்த 4 என்று பாருங்கள். மீட்டரின் வட்டில் 1-க்கு ஒரு பக்கம் இருக்கும் 4 கால் நொடி. மறுபக்கத்து 4 முழு நான்கு நொடி. நடுவே நான்கு ஸ்டாப் வித்தியாசம். நொடிகளுக்குப் பெரும்பாலும் வேறு நிறமோ சிறு குறியோ இருக்கும். இருட்டுவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

தெப்ப விளக்குகளுக்கு. தூரத்து விளக்குக்குச் செலினியம் முள் அசையாது. விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டி அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நொடிக்கணக்கில் போனால் மீட்டர் சொல்வதும் போதாது; கோடக் ட்ரை-எக்ஸுக்கு மீட்டரின் 1 நொடி 2 ஆகவும், 10 நொடி 50 ஆகவும் மாறும். அதனால் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து அரை நொடிக்குள் முடிக்கப் பார்ப்பேன். தெப்பமும் கூட்டமும் நமக்காக நிற்காது.