பரவுவதா, பரப்புவதா? 'கேட்ச் ஆன்' பழகுவோம்



பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குழு செய்த ஒரு சின்னக் கருவியைப் பற்றி நான் ஆங்கிலத்தில் பேசணும். "இது சீக்கிரமே மக்களிடம் பரவிடும்" என்று சொல்ல நினைத்து, "திஸ் வில் கேட்ச் அப் சூன்" என்று சொல்லிட்டேன். "யாரை எட்டிப் பிடிக்கப் போகுது?" என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பே சிரிச்சது. அதற்குப் பிறகு ரெண்டு மாசம் நான் அந்த வகுப்பில் வாயே திறக்கல.

தப்பு ஒரே ஒரு சின்னச் சொல்லில்தான். 'கேட்ச் அப்' என்றால், பின்தங்கியவர் முன்னால் போனவரை எட்டிப் பிடிப்பது. நான் சொல்லியிருக்க வேண்டியது 'கேட்ச் ஆன்'. ஒரு பொருளோ பழக்கமோ மக்களுக்குப் பிடித்துப்போய்ப் பரவுவதை இப்படிச் சொல்வார்கள். இறந்தகாலத்தில் 'காட் ஆன்'.

ஓர் உதாரணம் பார்ப்போம். கியூஆர் குறியீட்டை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது. கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்கத்தான்! நம் நாட்டில் 2020-இல் மைசெஜாத்ரா வந்த பிறகு, தாத்தா பாட்டிகூட கடை வாசலில் ஸ்கேன் செய்யப் பழகிட்டாங்க. இதை, "கியூஆர் கோட்ஸ் காட் ஆன் டியூரிங் தி பேண்டமிக்" என்று சொல்லலாம்.

இனி மூன்று குறிப்புகள்:

1. பரவுகிற பொருள்தான் எழுவாய். "வி காட் ஆன் தி ஐடியா" என்றால் தவறு. "தி ஐடியா காட் ஆன்" என்பதே சரி.

2. யாரிடையே பரவியது என்று சொல்ல 'வித்' சேர்க்கணும். "இட் காட் ஆன் வித் ஸ்டூடன்ட்ஸ்": மாணவர்களிடையே பரவியது.

3. பரவவே இல்லையா? "இட் நெவர் காட் ஆன்."

ஆளைப் பற்றிச் சொன்னால் பொருள் மாறும். "ஷி காட் ஆன் குவிக்லி" என்றால், அவள் சட்டுனு புரிஞ்சுக்கிட்டாள்.

முதல் குறிப்பு எனக்கு எப்படிப் பிடிபட்டது தெரியுமா? தமிழ்ப்பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் கைகொடுத்தது. 'பரவியது' தன்வினை, 'பரப்பினோம்' பிறவினை. 'கேட்ச் ஆன்' நம்ம 'பரவு' மாதிரி. நாம் விளம்பரம் செய்து பரப்பலாம். ஆனால் அது தானாகப் பற்றிக்கொண்டால்தான் 'காட் ஆன்'.

தமிழ்ப்பள்ளியில் படிச்சதால ஆங்கிலம் வராதுன்னு நினைக்கிற தம்பி தங்கைகளே, அங்கே படித்த இலக்கணம் இங்கேயும் உதவும். ஆனால், என்னை மாதிரி ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா எந்த மொழியும் வராது.

பயிற்சி: 'அப்' வருமா, 'ஆன்' வருமா?

அ) ஃபுட்சால் காட் ___ வித் அவர் பாய்ஸ்.
ஆ) ஐ மிஸ்ட் டூ கிளாசஸ், ஐ மஸ்ட் கேட்ச் ___.

விடை: அ) ஆன், ஆ) அப்.

இந்த வாரம் ஒரு தடவையாவது 'கேட்ச் ஆன்' போட்டுப் பேசிப் பாருங்க. யாராவது சிரிச்சா, சிரிக்கட்டும். அடுத்த வாக்கியத்தைத் தொடருங்க!