துணைக்கு இருப்பவர்

பச்சிளங்குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்வது பாலுக்காகவே என்று ஒரு காலத்தில் அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 1958-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோ வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. கம்பியாலான பொம்மைத் தாயிடம் பால் குடித்த குரங்குக் குட்டிகளும், துணி போர்த்திய பொம்மையைத் தழுவியே பெரும்பொழுதைக் கழித்தன. (தாயைப் பிரிந்த அக்குட்டிகள் பட்ட துன்பம் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

அக்காலத்துப் பிரிட்டன் மருத்துவமனைகளிலோ, பெற்றோர் குழந்தையைப் பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. அழுது ஆர்ப்பரிக்கும் குழந்தை சில நாட்களில் அடங்கிவிடும், ‘பழகிவிட்டது’ என்பார்கள். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் ஆவணப்படமாக்கி 1952-இல் வெளியிட்டார். அந்த அமைதி பழக்கமன்று, நம்பிக்கை இழந்த நிலை என்று அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் வாதிட்டனர். மருத்துவர் பலருக்கு அது கசந்தது. எனினும் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும் சிறு குழந்தைகளுடன் தாய் தங்கவும் 1959-இல் பரிந்துரைத்தது.

வளர வளரத் தோழர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் என்று வட்டம் விரிகிறது. முதுமையில் மீண்டும் ஓரிருவராகச் சுருங்குகிறது. அப்போதும் அமைதி நம்மை ஏமாற்றக்கூடும்.

‘டெலிரியம்’ எனப்படும் திடீர் மனக்குழப்பம் முதியோருக்கு நோய்த்தொற்றாலும், நீரிழப்பாலும், அறுவை சிகிச்சைக்குப் பின்னரும், சில மருந்துகளாலும் வருவதுண்டு. பிதற்றுபவரை எவரும் கவனித்துவிடுவர். பேச்சுக் குறைந்து, அரைத்தூக்கத்தில் கிடப்பவரோ ‘தொந்தரவே இல்லாத நோயாளி’ எனப் பெயர் பெறுகிறார். எங்கள் பார்வையிலிருந்து தப்புபவர் பெரும்பாலும் இவரே. நாங்கள் அவரை நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்த்தோம். சென்ற வாரம் அவர் எப்படிப் பேசினார் என்பதை அறிந்தவர், ‘அட்டெண்டர்’ என்று நாங்கள் அழைக்கும் துணையாளர். “அப்பா இப்படி இருக்கமாட்டார், டாக்டர்” என்று அவர் சொன்னால், உப்புச் சத்தின் அளவையும் மருந்துப் பட்டியலையும் மறுபடி பார்ப்போம். தொற்று இருக்கிறதா என்று தேடுவோம்.

ஆகவே, இயன்றவரை முகம் தெரிந்த ஓரிருவரே மாறி மாறித் தங்குங்கள். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டிலேயே தங்கிவிட வேண்டா. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். இரவில் உறங்க விடுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் தவறில்லை. அவருக்கு நோயாளியின் பழைய இயல்பு தெரியாது என்பதே குறை. எழுபது வயது மனைவியை இரவெல்லாம் நாற்காலியில் அமர்த்துவதையும் நாங்கள் விரும்பவில்லை. அவர் பகலில் வரட்டும்.

துணை மாறும்போது, அன்று நோயாளி என்ன பேசினார், எவ்வளவு உண்டார், எப்போது உறங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துச் செல்லுங்கள். காலையில் சுற்றுக்கு வரும்போது அதையும் கேட்டு வாங்கிப் படிப்போம்.